அலுமாரிக்குள் வெயில்

ஊதாவா வெள்ளையா என்று இருபத்தைந்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தார் அப்பா. நிற்கட்டும். காலில் நரம்பு இழுக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க ஏலாது என்று வைத்தியரிடம் சொன்ன மனிதன், அந்த ஏலாமைக்காகவே கடிதம் வாங்கிக்கொண்ட மனிதன், இப்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு விளக்குப் பெட்டியின் முதுகை உதடு அசைய வாசித்துக்கொண்டு நிற்கிறார், கால் இழுக்கவில்லை. ஆரணி உரமூட்டைகள் அடுக்கியிருந்த தட்டில் சாய்ந்துகொண்டாள். ஓஷாவா நகரத்தின் தொங்கலில், டயர்க் கடைக்கும் பூட்டிக்கிடந்த ஒரு பல்வைத்தியசாலைக்கும் நடுவில், மண்ணும் உரமும் வெளிச்சமும் விற்கிற இந்தக் கடைக்கு அவர்கள் வந்து சேர்ந்ததற்கு ஒரேயொரு காரணம்தான், இங்கே தமிழ்ச்சனம் இல்லை. ஸ்காபரோவில் வீட்டிலிருந்து எட்டு நிமிடத்தில் இதே மாதிரிக் கடை ஒன்று உண்டு. ஆனால் அதன் பக்கத்துக் கதவு சேலைக்கடை, அதற்கடுத்த கதவு கொத்துரொட்டிக் கடை. ஆக்கள் பாப்பினம் என்றார் அப்பா, காரில் ஏறும்போது. யார் இந்த ஆக்கள்? பிறந்த நாள் முதல் இவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறாள், ஒருநாளும் கண்டதில்லை. வேலைவெட்டி இல்லாதவர்கள், பனியில் விறைக்காதவர்கள், யார் எந்தக் கடைக்குள் நுழைகிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே விசா கொடுத்து இறக்கப்பட்டவர்கள். வெட்கம் என்பது காவல்துறை தேவைப்படாத ஓர் அரசாங்கம் என்று போன தவணை விவாதப்போட்டியில் ஒரு வரி சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். இன்றைக்கு அதே அரசாங்கத்துக்குச் சாரதியாகி, வகுப்பை வெட்டிவிட்டு, நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டி வந்திருக்கிறாள். கைதட்டினவர்கள் இப்போது பார்க்க வேண்டும்.

சொல்லிவிடலாம். இப்போதே போய், அந்த ஊதா வெளிச்சத்தில் கத்தரிக்காய் நிறமாகியிருக்கிற முகத்துக்கு முன்னால் நின்று, அண்ணாவுக்குச் சனிக்கிழமை கலியாணம் என்று சொல்லிவிடலாம். இன்று வியாழன். ஆனால் சொல்லக்கூடாது. மூன்று கிழமைக்கு முன் அண்ணா நிரூஜன் தொலைபேசியில் சொல்லியிருந்தான், அவள் ஒத்துக்கொண்டிருந்தாள். "அவர் என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டா மட்டும் சொல்லு. ஒண்டு காணும். இருக்கிறானோ செத்தானோ எண்டு கேட்டாலும் காணும். நீயாச் சொல்லக்கூடாது." அப்போது அது மிகவும் நியாயமான நிபந்தனையாகப் பட்டது, பரீட்சை என்றுகூடச் சொல்ல முடியாத பரீட்சை, எட்டு வருசமாக மகனின் பெயரை வாயில் எடுக்காத ஒருவருக்கு இதைவிட இலேசாக யார் கேள்வித்தாள் தயாரிப்பார்கள். அன்றிலிருந்து அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த மூன்று கிழமையில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். குப்பைக்காரன் வந்தவனோ. ஆர் குளியலறை லைட்டை நூராமல் விட்டது. உப்பு ஏன் கூட. இந்தப் பிரதமருக்கு மூளை இருக்கோ. ஒரு செடிக்கு எத்தனை மணித்தியாலம் வெளிச்சம் வேணுமாம், பாத்துச் சொல்லு பிள்ளை. செடி தூங்குமோ என்றுகூடக் கேட்டார். செடியின் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த மனிதன். அம்மாவோ, அம்மாவின் கதையைச் சொல்லவே வேண்டாம், சனிக்கிழமை முதியோர் இல்லத்துக் குசினியில் மேலதிக வேலை என்று ஒரு மாதத்துக்கு முன்பே கலண்டரில் எழுதிவைத்துவிட்டு, கலியாணத்துக்குக் கட்டுகிற சேலையை வேலைப் பைக்குள் ஏப்ரனுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறா. முப்பது வருசம் ஒரு மனிதனோடு வாழ்ந்து அதற்குக் கிடைத்த கெட்டித்தனம் அது. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று ஆரணி பல தடவை யோசித்திருக்கிறாள். தராசு பிடிக்கிறவளின் கை சுத்தமா என்ற யோசனை குறுக்கே வரும், வந்தால் வேறு எதையாவது யோசிப்பாள்.

வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டு அப்பா மறுபடி ஊதாப் பெட்டியை எடுத்தார். ஆயிரம் வாட் என்று அதன் முகத்தில் நெருப்பு எழுத்தில் எழுதியிருந்தது, முதுகில், எறும்பு எழுத்தில், உண்மையில் இழுப்பது நூற்றுப்பத்து வாட் என்று. எங்கள் சனத்துக்கென்றே செய்தது, நினைத்துக்கொண்டாள், எங்கள் சங்கத் தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் முதுகில் இப்படியொன்று எழுதி ஒட்டினால் எவ்வளவு நல்லது. அப்பாவின் முதுகிலும். முகத்தில் சட்டம், ஒழுங்கு, பருத்தித்துறை நீதிமன்றத்தில் பதினாறு வருசம் எழுதுவினைஞர் அருமைநாயகம். முதுகில், எறும்பு எழுத்தில், அலுமாரிக்குள் கஞ்சா. அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொல்வதில்லை. மருந்துச்செடி. வைத்தியர் எழுதித் தந்த மருந்துச்செடி. கடையில் எண்ணெயாக விற்கிறார்களே, வாங்குங்கள் என்றால் அந்தக் கடைக்குள் போக முடியாது, ஆக்கள் பாப்பினம், ஆகையால் வீட்டில் வளர்க்க வேண்டும். வெளியில் வளர்த்தால் பக்கத்து வீட்டு வாத்தியார் பார்ப்பார், ஆகையால் உள்ளே வளர்க்க வேண்டும். உள்ளே என்றால் விருந்தாளி பார்ப்பார், ஆகையால் அலுமாரிக்குள். நாலு சுவருக்குள் ஒரு அறை, அறைக்குள் ஒரு அலுமாரி, அலுமாரிக்குள் ஒரு வெயில். வெட்கத்தை நட்டு வெயிலுக்கு அலைகிறார். அதுவும் எந்த அலுமாரி. பின் அறை அலுமாரி என்கிறார், பின் அறைக்குச் சொந்தக்காரனே இருந்ததில்லை என்பதுபோல. முந்தாநாள் அவள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது நிரூவின் சட்டைகளும் அந்தப் பழைய ஹொக்கிச் சப்பாத்தும் மூன்று கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டிக் கராஜில் கிடந்தன, அப்பா அளவுநாடாவோடு அலுமாரிக்குள் தலையை விட்டு, இரண்டடி, ஒன்றரை அடி, ஐந்தரை அடி என்று தனக்குத்தானே ஒப்புவித்துக்கொண்டிருந்தார். அந்த அலுமாரிக்குள்தான், சரியாக அந்த அலுமாரிக்குள்தான், குளிர்ச்சட்டையின் உள்பையில், பெருவிரல் நகமளவு பொலித்தீன் பையொன்றில், அதே செடி இருந்தது. இரண்டாயிரத்துப் பதினாறு, கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் துவைக்க எடுத்த அம்மா கண்டா. கண்டவ வாயை மூடிக்கொண்டு அதைக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணியை இழுத்திருக்கலாம். உலகத்தின் எல்லா அம்மாக்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். இவ கையில் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் போனா.

வேறு தகப்பன் என்றால் அடித்திருப்பான். அடி என்றால் ஒரு கணக்கில் முடிந்துபோகும், கன்னம் இரண்டு நாளில் ஆறும். இவர் அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து, உச்சியில் வாக்குமூலம் என்று எழுதி அடிக்கோடிட்டு, பத்தொன்பது வயது மகனுக்கு முன்னால் வைத்துப் பேனையைக் கொடுத்தார். எங்கே வாங்கினாய், எப்போது, யாரிடம், எத்தனை தரம், தமிழில் எழுது. நிரூவின் தமிழ் நாலாம் வகுப்போடு நின்றுபோனது, ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டிருந்தான், அப்பா குனிந்து நின்று எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார், நினைத்துப் பார், பிழைகளை. எழுதி முடித்தபின் ஒப்பம் வாங்கினார். பிறகு சாட்சி என்று எழுதி, கதிரையைப் பின்னால் தள்ளி, ஆரணி பிள்ளை, இஞ்சை வா என்றார். பதின்மூன்று வயது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவளுடைய யோசனைக்குக் கால் தடுக்கும், எத்தனை தரம் வந்தாலும் இதே இடத்தில்தான் தடுக்கும், ஏனென்றால் அவள் அழவில்லை, மாட்டேன் என்று சொல்லவில்லை, அந்த நாட்களில் தன் கையெழுத்தை, ஆ-வின் சுழியைக் கொடிபோல இழுத்துவிட்டு அடியில் ஒரு கோடு போடுகிற கையெழுத்தை, பாடசாலைக் கொப்பிகளின் பின்பக்கமெல்லாம் பழகிக்கொண்டிருந்தாள், அதை உண்மையான தாள் ஒன்றில் வைக்க அன்றுவரை யாரும் கேட்டதில்லை. வைத்தாள். வடிவாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நிரூ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டத்துக்கு மாறான பொருளோடு ஒருத்தன் இந்த வீட்டில் இருக்கேலாது என்று அப்பா தீர்ப்பு மாதிரிச் சொன்னார், நீதவானின் தீர்ப்பைப் பதினாறு வருசம் எழுதிக்கொண்டே இருந்துவிட்டுத் தன் தீர்ப்பை ஒருநாள் சொல்லக் கிடைத்த மனிதன், குரலில் நடுக்கம்கூட இல்லை. இரண்டு வருசத்தில் சட்டம் மாறியது. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் சனம் வரிசையில் நின்று வாங்கியது. அப்பா சனலை மாற்றினார்.

ஏதும் உதவி வேண்டுமா என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது. தாடியும் கம்பளித் தொப்பியுமாக, முப்பது வயது இருக்கும், நெஞ்சில் ஜெய் என்ற பெயரட்டை குத்தியிருந்தது, வட இந்தியனாக இருக்கும் என்று ஆரணி நினைத்தாள், அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், இல்லையென்றால் அவள் பக்கம் திரும்பித் தமிழில், "உவனுக்கு என்ன தெரியப்போகுது, நாங்களே பாப்பம்" என்று சொல்லியிருக்க மாட்டார். "பெரிசா ஒண்டும் தெரியாது அங்கிள்," என்றான் ஜெய். "லைட் மட்டும் தெரியும்." நாற்பது நிமிட நெடுஞ்சாலை அந்த ஒரு வசனத்தில் கரைந்துபோனது. ஆரணிக்குச் சிரிப்பு வந்தது, அதை விழுங்காமல் சிரித்தாள், ஆக்கள் கடைசியில் நேரிலேயே வந்துவிட்டார்கள், தொப்பி போட்டுக்கொண்டு. அப்பா ஊதாப் பெட்டியைப் பிள்ளையை நெஞ்சில் அணைப்பதுபோல அணைத்துக்கொண்டார். என்ன செடி வைக்கப் போகிறீர்கள், எந்த இடத்தில் என்று அவன் கேட்டதற்கு, தக்காளி என்றார். அலுமாரிக்குள் என்றார். சின்னச் சாதித் தக்காளி என்றும் சேர்த்துக்கொண்டார். ஜெய் முகத்தை வலு மரியாதையாக வைத்துக்கொண்டு, "இஞ்சை வாற எல்லாரும் தக்காளிதான் அங்கிள் வைக்கினம். ஏழு வருசமா லைட் விக்கிறன், இன்னும் ஒருத்தரும் எனக்கு ஒரு பழம் கொண்டுவந்து தரேல்லை" என்றான்.

அப்பாவின் காது சிவந்ததை அவள் கண்டாள். இப்போது கோபிப்பார், வெளிக்கிடு பிள்ளை என்பார், இன்னும் கிழக்கே, தமிழனே கால்வைக்காத ஏதோ ஒரு ஊருக்கு ஓட்டச் சொல்வார். இல்லை. கக்கத்திலிருந்த ஃபைலை எடுத்தார். காரிலிருந்து இறங்கும்போதே, விளக்கு வாங்க எதற்கு ஃபைல் என்று கேட்டிருந்தாள், இருக்கட்டும் என்றிருந்தார். இவர்கள் எல்லோரிடமும் இது ஒன்று உண்டு, அகதி வழக்குக்கு வந்த காலத்தில் பிடித்த பழக்கம், தான் இன்னார்தான், தனக்கு நடந்தது நடந்ததுதான் என்று எந்த நேரத்திலும் எந்த மேசையிலும் நிரூபிக்கத் தயாராக, கண்ணாடி உறை உறையாகக் கடதாசிகள். பால் வாங்கப் போகும்போது கொண்டுபோகாதது பெரிய காரியம். கல்லாமேசையில் விரித்துவைத்து, தான் நோயாளி என்றும், கண்டவன் மாதிரி அல்ல என்றும், நரம்பு வைத்தியர் ஒப்பமிட்டிருக்கிறார், அரசாங்கப் பதிவு இருக்கிறது, குடியுரிமையும் இருக்கிறது என்றும் ஒவ்வொரு உறையாகப் புரட்டினார். ஒருவரும் கேட்கவில்லை. ஜெய் இரண்டு கைகளையும் உயர்த்தி, ஐயோ அங்கிள், ஒரு கடுதாசியும் தேவையில்லை, வயது வந்த எவரும் நாலு செடி வைக்கலாம், லைட் வாங்குகிறவனிடம் நான் பேர்கூடக் கேட்பதில்லை என்று மன்றாடினான். அப்பா புரட்டிக்கொண்டே இருந்தார், தொடங்கினால் நிறுத்தத் தெரியாது, வைத்தியரின் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், வேலைத்தலத்தில் விழுந்த விபத்து அறிக்கை, அதற்கடுத்த உறையில் கோடு போட்ட தாள். ஒரு நொடிதான். திருத்தங்கள் சிவப்பில். கீழே வலது பக்கத்தில் ஆ-வின் சுழி கொடிபோல. அப்பாவின் உள்ளங்கை வந்து அதன்மேல் படுத்தது, பிறகு உறை புரண்டது, குடியுரிமைப் பத்திரம் வந்தது.

எட்டு வருசம். இந்த மனிதன் அதை எட்டு வருசமாகக் கொண்டு திரிகிறார். மகனின் சட்டைக்குக் குப்பைப்பை, மகனின் குற்றத்துக்குக் கண்ணாடி உறை. அவள் மூளைக்குள் உடனேயே இரண்டு தரப்பும் எழுந்து நின்றுவிட்டன, இதுதான் அவளுடைய வியாதி, எதையும் சும்மா பார்க்க ஏலாது. ஒரு தரப்பு, இவர் ஆதாரம் அழிக்காத பிறவி, தான் செய்தது சரி என்பதற்கு இந்த ஒற்றைத் தாள்தான் மிச்சம், அதனால் வைத்திருக்கிறார், அற்பம். மறுதரப்பு, அந்த வீட்டில் நிரூஜன் கையால் எழுதியது வேறொன்றும் இல்லை, பிறந்தநாள் வாழ்த்துகூட இல்லை. இரண்டாம் தரப்பை அவள் உடனே உட்காரச் சொன்னாள். இரக்கத்தைக் காட்டி வழக்கை வெல்லப் பார்க்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அந்தத் தாளில் இருந்தது இரண்டு ஒப்பம். அப்பா கை வைத்து மூடியது எதை? மகனுடையதையா, சாட்சியுடையதையா? கேட்டால் சொல்வாரா? கேட்க மாட்டாள், கேட்பதற்கு அவளுக்கு யோக்கியதை இல்லை, அதை நினைத்ததும் அப்பாமேல் வந்த வெறுப்பு இரண்டு மடங்காகியது, கண்ணாடியில் தன் முகத்தைக் காட்டுகிறவன்மேல் வருகிற வெறுப்பு.

ஜெய் இதற்குள் கடைக்காரனாகிவிட்டான். ஊதா பழைய சாமான் என்றான், வெள்ளைதான் இப்போது எல்லாரும், வெள்ளையில் செடிக்கு என்ன வருத்தம் என்று கண்ணாலேயே தெரியும், ஊதாவில் எல்லாச் செடியும் செத்த செடி மாதிரித்தான் இருக்கும். முகத்தில் எழுதியிருக்கிற ஆயிரத்தை மறந்துவிடுங்கள் என்றான். அந்த மஞ்சள் சோடியம் விளக்கைக் கிட்டக்கூடப் போகாதீர்கள், அலுமாரி அடுப்பாகும். இடம் சின்னன், ஆகவே பிரச்சினை வெளிச்சமில்லை, சூடு. சூடு வெளியேற ஒரு சின்னக் காற்றாடி வேண்டும், பலகை எரியாமல் தூக்கிக் கட்ட வேண்டும், நாளில் முக்கால்வாசி நேரம் எரிகிற சாமான், வீடு பழைய வீடு என்றால் வயரிங் எப்படியோ. யாரும் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் ஒருக்கால் கேளுங்கோ அங்கிள் என்றான், சும்மா, கடையில் நூறு பேருக்குச் சொல்கிற அதே வசனம்.

"என்ரை மகன் இருக்கிறான்," என்றார் அப்பா.

பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். லெமிங்டனில், கண்ணாடி வீட்டுத் தோட்டமொன்றில், இருநூறு ஏக்கருக்கு லைட் பூட்டிப் பராமரிக்கிறவன் என்றார். தக்காளித் தோட்டம், உண்மையான தக்காளி, என்றார். எப்படித் தெரியும்? அவள் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருக்க மாட்டா, அம்மாவுக்குப் பொய் மட்டும்தான் சொல்ல வரும். யாரோ ஆக்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆக்களால் ஒரு பிரயோசனமும் இருந்திருக்கிறது. இருநூறு ஏக்கர் என்று எண்ணிக்கைகூடச் சொன்னார், தன் முதுகில் எறும்பு எழுத்தில் இத்தனை நாள் வைத்துக்கொண்டு. ஜெய் அப்படியென்றால் பிறகு என்ன அங்கிள், அவரிடமே கேளுங்கோ என்று சொல்லிவிட்டு வேறொருவரைக் கவனிக்கப் போனான். அப்பா திரும்பினார். "ஒருக்கா நிரூவுக்கு எடு பிள்ளை. உந்த வெள்ளை சரியோ எண்டு கேப்பம்."

நிரூ. எட்டு வருசத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து வந்தது, ஒரு விளக்குக்காக வந்தது. ஆரணி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இது கணக்கில் சேருமா? என்னைப் பற்றி ஒரு கேள்வி என்றான். இது அவனைப் பற்றிய கேள்வியல்ல, அவனிடம் ஒரு கேள்வி, அதுவும் வெள்ளையைப் பற்றிய கேள்வி, அவன் இருக்கிறானா செத்தானா என்று கேட்டாலும் காணும் என்றான், உயிரோடிருக்கிறவனிடம்தானே லைட்டைப் பற்றிக் கேட்க முடியும் என்று வாதாடலாம், ஆனால் அது மலிவான வாதம், எந்த நடுவரும் சிரிப்பார். சேராது. சேராது என்று தீர்த்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது, அதை அவள் கையும் களவுமாகப் பிடித்தாள்: மூன்று கிழமையாக அவள் காத்திருந்தது அவர் கேட்பதற்கு அல்ல. அவர் கேட்காமலே விட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை தோசை சாப்பிடும்போது, உங்கட மகனுக்கு நேற்றுக் கலியாணம் என்று சொல்லி, அந்த முகம் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு. வசனத்தைக்கூடச் செப்பனிட்டு வைத்திருந்தாள். நேற்று என்ற சொல்லில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். பதின்மூன்று வயதில் ஒப்பத்தை வடிவாக வைத்தவளுக்கு வேறென்ன வரும். இலக்கத்தை அழுத்தினாள். எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. என்னடி, வகுப்பில்லையோ என்றான். அப்பா கதைக்கவேணுமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் எதையும் சொல்வதற்குள், சொல்லிவிடுவானோ என்ற பயத்தில், கைபேசியைக் கொடுத்தாள்.

"தம்பி, அப்பா கதைக்கிறன். ஒரு லைட் விசயம்."

அவ்வளவுதான். உலகத்தில் இவ்வளவு கேவலமான முதல் வசனம் இருந்திருக்குமா. எட்டு வருசத்துக்குப் பிறகு, ஒரு லைட் விசயம். மறுமுனையில் இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது, அவள் எண்ணினாள், ஒன்பது வரை எண்ணினாள், வெட்டப்போகிறான், வெட்டட்டும், வெட்டு அண்ணா. பிறகு அந்த மெல்லிய குரல் ஏதோ சொன்னது, கடைசியில் மேலே ஏறியது, கேள்வி. அப்பா, இரண்டடி, ஒன்றரை, ஐந்தரை என்றார். அவளுக்கு அந்தக் கைபேசியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. சண்டை பிடியுங்கள் இரண்டு பேரும், மனிசர் மாதிரிச் சண்டை பிடியுங்கள், ஏன் என்னைத் துரத்தினாய் என்று கேள், நீ ஏன் ஒருதரமும் திரும்பி வரவில்லை என்று கேள். இரண்டு பேரும் வாட் கதைத்தார்கள். அப்பா ஓம் என்றார், ஓம், ஓம், வெள்ளை, ஓம், ஒரு முழம் உயரத்திலை, விளங்குது, சங்கிலியிலை தொங்கவிடுறது, ஓம். பெட்டியின் ஓரத்தில் பேனையால் சிறிதாக எழுதிக்கொண்டார். ஒருமுறை சிரித்ததுபோலக்கூட ஒரு சத்தம் வந்தது, மூக்கால். பதினொரு நிமிடம். அவள் அந்த ஒரு கேள்விக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், சாப்பிட்டியோ என்று கேட்டாலே போதும், எந்தத் தமிழ்த் தகப்பனும் வாய்தவறியாவது கேட்கிற கேள்வி, இவர் வாய் தவறவே இல்லை. சரி தம்பி, வைக்கிறன் என்றார். வைத்தார். கைபேசியைத் தன் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளையாம் என்றார் ஜெய்யிடம். நூறு வாட் காணுமாம், சங்கிலியும் நேரம் வைத்து நூர்க்கிற பிளக் ஒன்றும் வேணுமாம். குரலில் ஒரு மிடுக்கு வந்திருந்தது, மகன் சொல்லியிருக்கிறான் என்கிற மிடுக்கு, அதற்கு என்ன உரிமை இருக்கிறது. ஜெய் சங்கிலி எடுக்கப் பின்பக்கம் போனான். இனி ஒன்றும் இல்லை. காரில் நாற்பது நிமிடம், பிறகு வெள்ளி, பிறகு சனி, அம்மா ஏப்ரனுக்கு அடியில் சேலையோடு வெளிக்கிடுவா, இவள் நூலகம் என்று சொல்லிவிட்டு அவவோடு வெளிக்கிடுவாள், இவர் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். தோற்றுவிட்டார். இலேசான பரீட்சையில், கேள்வித்தாளைக் கையில் கொடுத்தும், பக்கத்தில் உட்கார வைத்தும் தோற்றுவிட்டார். அவள் எதிர்பார்த்த இனிப்பு நாக்கில் வரவில்லை. கல்லாமேசைக் கண்ணாடிக்கடியில் யாரோ பழைய ஒரு வேர்ப்படத்தை ஒட்டியிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தானே வந்து பூட்டித்தாறானாம்," என்றார் அப்பா, பெட்டிக்குச் சொல்வதுபோல. "அடுத்த கிழமை. இந்தச் சனிக்கிழமை ஏலாதாம்."

அவன் கதவைத் திறந்து வைத்திருக்கிறான். சனிக்கிழமை ஏலாது என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்கட்டும் என்று அந்த இரைச்சலுக்குள் நின்றிருக்கிறான், அப்பா ஓம் என்றிருக்கிறார். அந்த ஓம்களில் எது அது? அப்பா பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்தார். கால் இழுக்கத் தொடங்கியிருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை அவனுக்கு என்ன வேலையாம் பிள்ளை?"

கேட்டுவிட்டார். அவனைப் பற்றி, அவளிடம், ஒரு கேள்வி. எந்த நடுவரும் மறுக்க முடியாது. மூன்று கிழமையாகப் பூட்டிவைத்திருந்த வாய் திறக்க ஒரு கணம் எடுத்தது, திறந்தபோது வேண்டுமென்றே மிருதுவில்லாமல் சொன்னாள், கல்லை வைப்பதுபோல வைத்தாள்: "கலியாணம்."

சொல்லிவிட்டு, நிமிர்ந்து நின்று, அடுத்த கேள்விக்குத் தயாரானாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தார் எவருக்கும் கலியாணமென்ற சொல்லைக் கேட்டதும் நாக்கு தானாகக் கேட்கிற கேள்வி, பொம்பிளை எவடம் என்பார், எவடம் என்றால் எந்த ஊர் என்றல்ல, எந்தச் சாதி என்று, அதற்கு அவள் மெக்சிக்கோ என்று சொல்வாள், தக்காளி பொதி செய்கிறவள், பெயர் லூப்பே, உங்கட ஃபைலில் அவவுக்கு உறை இல்லை என்று சொல்வாள், அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கின் நுனியில் வந்து நின்றது, சாட்சி உட்பட எல்லாவற்றையும் இந்தக் கல்லாமேசையிலேயே, ஜெய் சங்கிலியோடு வந்து நின்று பார்த்தாலும் சரி, ஆக்கள் பார்க்கட்டும், வாய் திறக்கட்டும், திறந்தாரோ தொலைந்தார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் உதடுகளையே பார்த்தாள்.

அவர் வெளியே, கரைந்த பனிச்சேற்றில் நின்ற காரைப் பார்த்தார். லெமிங்டனுக்கு நாலு மணித்தியாலம் எடுக்குமோ என்று யாரிடமுமில்லாமல் முணுமுணுத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தினை மணிக்கு?"